முள் குத்திய விரலிலிருந்து நெறி கட்டும் வரை

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கைக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். நியூட்ரோஃபில் இத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் இத்தனை, பிறகு மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் பிழைப்பு. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, நூறு வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். இப்போது பெரும்பாலும் இயந்திரமே எண்ணிவிடுகிறது. அதற்குச் சந்தேகம் வந்த ஸ்லைடுகள்தான் என் மேசைக்கு வருகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை, சந்தேகத்துக்குரிய ஸ்லைடுகளில்தான் கதை இருக்கிறது.

சாயம் சரியாகப் பிடித்த ஸ்லைடில் நியூட்ரோஃபிலை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். வெளிர் இளஞ்சிவப்பு உடல், அதில் பொடிப்பொடியாகத் துகள்கள், நடுவே மூன்று நான்கு துண்டுகளாகப் பிரிந்து மெல்லிய இழைகளால் கோத்ததுபோல் கிடக்கும் ஊதா நிற உட்கரு. பெரியவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களில் 40 முதல் 70 சதவீதம் வரை இதுதான். லிம்ஃபோசைட்டின் தோற்றமே வேறு. சிவப்பணுவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உடல் முழுவதையும் உருண்டையான கருநீல உட்கரு அடைத்துக்கொண்டிருக்கும், ஓரத்தில் நூலளவு வெளிர்நீலம் தெரியும். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா கிடப்பது போலத்தான் இருக்கும். நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் உடலின் பிறவி எதிர்ப்பைச் சேர்ந்தவை. லிம்ஃபோசைட்டுகளில் பெரும்பகுதி கற்றறியும் எதிர்ப்பைச் சேர்ந்தது.

பாடப் புத்தகங்கள் இவற்றை முதல் அரண், இரண்டாம் அரண் என்று வரிசைப்படுத்துகின்றன. முதலாவது விழுந்தால் இரண்டாவது வந்து தாங்கும் என்ற எண்ணம் அதிலிருந்து மனதில் பதிந்துவிடுகிறது. ஸ்லைடுகளோடு பழகப் பழக அந்தச் சித்திரம் எனக்குப் போதவில்லை. இரண்டுக்கும் தெரிந்த விஷயமே வேறு வேறு. உள்ளே வந்திருப்பது ஆபத்தானதா என்று பிறவி எதிர்ப்புக்குத் தெரியும், ஆள் இன்னார் என்று துல்லியமாகத் தெரியாது. லிம்ஃபோசைட்டுக்கு ஆளைத் துல்லியமாகத் தெரியும், ஆபத்தானவரா என்று தெரியாது. முதலாவது சொல்லாமல் இரண்டாவது தொடங்க முடியாது. இரண்டாவது திரும்பி வந்து கை கொடுக்காமல் பல நோய்களை முதலாவது முடித்துவைக்கவும் முடியாது. அந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது என்று எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விரலில் ஒரு முள் குத்துகிறது. முள்ளோடு சேர்ந்து, தோலில் எப்போதும் வாழும் பாக்டீரியாக்களில் கொஞ்சமும் உள்ளே போகின்றன. தோலுக்கு அடியில் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிச் செல்களும் மாஸ்ட் செல்களும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. சில நிமிடங்களில் அவை ரசாயனங்களைக் கொட்டத் தொடங்குகின்றன. ஹிஸ்டமினால் அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் நெகிழ்ந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, அதனால் வீக்கம். நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன, விரல் விண்விண்ணென்று தெறிக்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற இந்த நான்கையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் வரிசைப்படுத்தி எழுதிவைத்தார். நாம் நோய் என்று நினைக்கும் இந்த நான்கும் உண்மையில் உடலின் வேலைதான், கிருமியின் வேலையே இல்லை.

இதற்குள் அந்த இடத்து ரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெற்றுவிடும். ரத்தத்தோடு வேகமாக ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் அந்த இடத்துக்கு வந்ததும் சுவரில் உரசி, மெதுவாக உருண்டு, பிறகு கெட்டியாகப் பிடித்து நின்றுவிடும். சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே தன்னை நசுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தத் துண்டு துண்டான உட்கருவுக்கு இங்கேதான் பயன், உருண்டையான கெட்டி உட்கருவை வைத்துக்கொண்டு அவ்வளவு சிறிய இடுக்கில் நுழைவது சிரமம். வெளியே வந்ததும் ரசாயன வாடை எங்கே அதிகமோ அந்தத் திசையில் ஊர்ந்துபோய், பாக்டீரியாவைச் சுற்றிவளைத்து விழுங்கி, உள்ளே நச்சு ஆக்ஸிஜன் சேர்மங்களையும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் அதன்மேல் கொட்டும். சலவைக்குப் போடும் பிளீச்சில் கிருமியைக் கொல்வதும் இந்த அமிலம்தான். வேறு வழியில்லாதபோது தன்னுடைய டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசிப் பாக்டீரியாவைச் சிக்கவைக்கிறது என்பது 2004இல் தெரியவந்தது. ரத்தத்தில் நியூட்ரோஃபிலின் ஆயுள் மிகக் குறைவு. உடல் நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. காயத்தில் சீழ் கோத்தால், அதில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோஃபில்கள்தான்.

கடுமையான பாக்டீரியாத் தொற்று வந்தவரின் ஸ்லைடில் இந்த அவசரம் கண்ணுக்கே தெரியும். உட்கரு துண்டுகளாகப் பிரியாமல் குதிரை லாடம் போல வளைந்திருக்கும் இளம் நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் நிறைய இருக்கும். முதிர்வதற்குள் மஜ்ஜை அவற்றை வெளியே அனுப்பிவிட்டிருக்கிறது. துகள்கள் வழக்கத்தைவிடக் கறுத்துத் தடித்திருக்கும். அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்தால் நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை, உடனே மருத்துவருக்குத் தகவல் போய்விடும்.

இந்தச் செல்கள் அந்நியரை எதை வைத்து அறிகின்றன? பாக்டீரியாவின் உறையில் உள்ள சில கொழுப்புச் சர்க்கரைகள், அதன் வாலிலுள்ள புரதம், வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏ போன்றவை நம் செல்களில் இருக்காது, அல்லது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும். கிருமியால் இவற்றை எளிதில் கைவிடவும் முடியாது, இவை இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. இந்தப் பொது அடையாளங்களைப் பிடிக்கும் ஏற்பிகள் நமக்குப் பிறவியிலேயே மரபணுவில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் டோல் ஏற்பிக் குடும்பம் பெயர்பெற்றது, மனிதருக்கு 10 வகை உண்டு. கையளவு ஏற்பிகளை வைத்துக்கொண்டு 'பாக்டீரியா வகையறா', 'வைரஸ் வகையறா', 'பூஞ்சை வகையறா' என்று பிரித்துவிட முடிகிறது. ஆனால் எந்தப் பாக்டீரியா, போன வருடம் வந்ததா, புதியதா என்ற கேள்விகள் இந்த ஏற்பிகளுக்கு இல்லை.

விழுங்கும் செல்களின் கதை தொடங்கியதே ஒரு முள்ளில்தான். 1882 டிசம்பர், இத்தாலியின் மெசினா நகரம். ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவின் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். அவர் தனியாக நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் இளவுயிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடல் முழுக்க ஒளி ஊடுருவும், உள்ளே ஊர்ந்து திரியும் செல்கள் வெளியிலிருந்தே தெரியும். உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை எதிர்கொள்ளத்தான் இவை இருக்கின்றனவோ என்று அவருக்கு ஒரு யோசனை. தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்களை ஒடித்து வந்து அந்த உயிர்களின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. நட்சத்திர மீனுக்கு லிம்ஃபோசைட்டும் கிடையாது, ஆன்டிபாடியும் கிடையாது. முதுகெலும்பில்லாத உயிர்கள் எல்லாம் இந்தப் பழைய எதிர்ப்பை நம்பித்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிழைத்துவருகின்றன.

பிறவி எதிர்ப்பில் செல்கள் மட்டும் இல்லை. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் பாக்டீரியாவின்மேல் படிந்து, சில சமயம் அதன் உறையில் துளையே போட்டுவிடும். வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரானைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும், இதை 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டுபிடித்தார்கள். என்கே செல் என்ற ஒன்று உண்டு. ஸ்லைடில் பார்த்தால் துகள்கள் கொண்ட பெரிய லிம்ஃபோசைட் போலவே இருக்கும், வேலை பார்ப்பதோ பிறவி எதிர்ப்பில். செல்கள் வழக்கமாகத் தங்கள் மேற்பரப்பில் காட்ட வேண்டிய அடையாளப் புரதத்தைக் காட்டாமல் மறைத்தால், அந்தச் செல்லை இது கொன்றுவிடும். தன்னை ஒளித்துக்கொள்ள நினைக்கும் வைரஸுக்கும் புற்றுச் செல்லுக்கும் இது பெரிய தலைவலி.

சரி, இவ்வளவும் இருக்கும்போது லிம்ஃபோசைட் எதற்கு?

1890இல் பெர்லினில் எமில் ஃபான் பெரிங்கும் கிடசாடோ ஷிபசாபுரோவும் டெட்டனஸ், தொண்டை அடைப்பான் நச்சுகளைக் கொண்டு சோதனைகள் செய்தார்கள். நச்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் ரத்தத்தில் செல்களை நீக்கி, தெளிந்த நீரை மட்டும் எடுத்து வேறு விலங்குக்குச் செலுத்தினால், அதற்கும் பாதுகாப்பு வந்தது. அந்த நீரில் இருந்ததைத்தான் இன்று ஆன்டிபாடி என்கிறோம். அதன்பின் பல ஆண்டுகள் அறிஞர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். எதிர்ப்பு செல்லில் இருக்கிறது என்றது ஒரு கட்சி, ரத்த நீரில் இருக்கிறது என்றது இன்னொன்று. 1908இல் நோபல் குழு மருத்துவப் பரிசை மெச்னிகோவுக்கும், ஆன்டிபாடிக் கட்சியின் பெரிய மூளையான பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தது. எதிரெதிர்த் தரப்புகளுக்கு ஒரே பரிசைப் பகிர்ந்தளித்தது எவ்வளவு பொருத்தம் என்பது அப்போது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

லிம்ஃபோசைட்டிடம் இருப்பது விந்தையான திறமை. இன்னும் தோன்றாத ஒரு கிருமிக்கான ஏற்பிகூட இந்த நிமிடம் உங்கள் உடலில் எங்கோ ஒரு லிம்ஃபோசைட்டின் மேல் தயாராக இருக்க வாய்ப்பிருக்கிறது. மனிதருக்கு மொத்தமே சுமார் 20,000 மரபணுக்கள்தான். கோடானுகோடி வடிவங்களுக்கு ஏற்பி செய்ய அது எப்படிப் போதும் என்பது நீண்ட காலப் புதிராக இருந்தது. 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வேலை செய்த சுசுமு டொனெகாவா விடையைக் காட்டினார். பி செல் என்ற லிம்ஃபோசைட் வகையின் ஏற்பியே வெளியே சுரக்கப்படும்போது ஆன்டிபாடி ஆகிறது. அதற்கான மரபணு முழுதாக ஓரிடத்தில் இல்லை, துண்டுகளாகக் கிடக்கிறது. லிம்ஃபோசைட் உருவாகும்போது தன் டிஎன்ஏவை வெட்டி, சீட்டுக்கட்டைக் கலைத்துச் சில சீட்டுகளை உருவுவதுபோல, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடியின் கனமான சங்கிலிக்கு மட்டும் சுமார் 40 துண்டுகள் கொண்ட ஒரு தொகுதி, 23 கொண்ட இன்னொன்று, 6 கொண்ட மூன்றாவது. ஒட்டும் இடத்திலும் எழுத்துகள் தாறுமாறாகக் கூடுகின்றன, குறைகின்றன. அப்புறம் அதோடு மெலிந்த சங்கிலியும் சேர வேண்டும். விளைவு, ஒவ்வொரு லிம்ஃபோசைட்டும் அநேகமாக வேறு யாரிடமும் இல்லாத ஓர் ஏற்பியோடு பிறக்கிறது. உடலின் மற்றச் செல்கள் உயிரைக் கொடுத்துக் காக்கும் டிஎன்ஏவை இவை வேண்டுமென்றே வெட்டுகின்றன. இதற்கு 1987இல் டொனெகாவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி வந்த பிறகு அதைப் பார்த்து ஏற்பி செய்யப்படுவதில்லை. எல்லா வடிவங்களும் முன்கூட்டியே குருட்டாம்போக்கில் செய்யப்பட்டுவிட்டன, கிருமி வந்ததும் அதற்குப் பொருந்தும் செல் மட்டும் பெருகுகிறது. ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் 1957இல் முன்வைத்த இந்தக் கருத்துதான் இந்தத் துறையின் அடித்தளம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது மலைப்பாகவே இருக்கிறது. பொருந்தும் கிருமி ஒருநாளும் வராமலேயே, பெரும்பாலான லிம்ஃபோசைட்டுகள் வாழ்ந்து முடித்துவிடுகின்றன. நான் ஸ்லைடில் எண்ணுகிற அந்தச் சும்மா கிடக்கும் நீல உருண்டைகளில் அநேகம் அப்படிப்பட்டவை.

ஆனால் குருட்டாம்போக்கில் செய்தால் நம் சொந்த உடலையே பிடிக்கும் ஏற்பிகளும் கட்டாயம் வரும். அதற்கு ஒரு வடிகட்டி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. அதன் முக்கியத்துவத்தை 1961இல்தான் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளில் காட்டினார். டி செல்கள் என்ற இன்னொரு வகை லிம்ஃபோசைட்டுகள் அங்கே முதிர்கின்றன. உடலின் பல உறுப்புகளில் மட்டுமே இருக்க வேண்டிய புரதங்களைக்கூடத் தைமஸ் தானே கொஞ்சம் கொஞ்சம் தயாரித்து அவற்றுக்குக் காட்டுகிறது. இறுகப் பிடித்துக்கொள்கிற செல் அங்கேயே அழிக்கப்படும். எதையுமே பிடிக்கத் தெரியாததும் பிழைக்காது. உள்ளே போகும் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் வெளியே வருவதில்லை.

இவ்வளவு கடுமையான தேர்வுக்குப் பிறகும் ஒரு கேள்வி தீரவில்லை. தைமஸில் காட்டப்படாத புதிய பொருள் எல்லாமே கிருமி ஆகிவிடுமா? சாப்பிடும் உணவும், மூச்சில் வரும் மகரந்தமும், குடலில் வாழும் பாக்டீரியாக்களும் புதியவைதான். லிம்ஃபோசைட்டுக்குத் தன் ஏற்பியில் ஏதோ பொருந்தியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். பொருந்தியது நல்லதா கெட்டதா என்று அதற்கு யார் சொல்வது?

இதற்கான துப்பு குதிரைகளிடம் கிடைத்தது. 1920களில் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த காஸ்டன் ராமோன், தொண்டை அடைப்பான் மருந்துக்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி அதிகமாக இருப்பதைக் கவனித்தார். வேண்டுமென்றே ஊசி மருந்தோடு மரவள்ளி மாவு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களைக் கலந்து பார்த்தார், பலித்தது. 1926இல் கிளென்னி அலுமினிய உப்பைச் சேர்த்தார், அது இன்றுவரை பல தடுப்பூசிகளில் இருக்கிறது. சுத்தமான புரதத்தை மட்டும் செலுத்தினால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

1989இல் அமெரிக்காவின் சார்லஸ் ஜேன்வே கேட்டார். அவர் சொன்ன பதில் எளிமையானது. அந்த அழுக்குதான் பிறவி எதிர்ப்பை எழுப்புகிறது, பிறவி எதிர்ப்பு 'ஆபத்து' என்று சொன்னால்தான் லிம்ஃபோசைட் இயங்கும். அப்படிச் சொல்வதற்கான ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்றும் அவர் ஊகித்தார், அப்போது கையில் ஒரு ஏற்பிகூட இல்லை. 1996இல் ஷூல் ஹோஃப்மான் குழு, டோல் என்ற மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் செத்துப்போவதைக் காட்டியது. மறுவருடம் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்சிடோவும் மனிதரிடமும் அதே வகை ஏற்பி இருப்பதையும், அது டி செல்லைத் தூண்டுவதற்கான சமிக்ஞையை எழுப்புவதையும் கண்டார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியா உறையின் நச்சை எலிகள் உணர்வது அந்தக் குடும்பத்து ஏற்பி ஒன்றால்தான் என்று நிறுவினார். ஜேன்வே 2003இல் காலமானார். 2011 நோபல் பரிசு ஹோஃப்மானுக்கும் பாய்ட்லருக்கும் போனபோது பட்டியலில் அவர் பெயர் இருக்க வழியில்லாமல் போயிற்று. கேள்வியைக் கேட்டவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

அந்த ஆண்டுப் பரிசின் மூன்றாம் ஆள் ரால்ஃப் ஸ்டைன்மன். நம் முள் கதைக்கு இனி அவர் கண்டுபிடித்த செல்தான் நாயகன். 1973இல் எலியின் மண்ணீரலில், கிளைகள் நீட்டிய வினோதமான செல் ஒன்றை அவர் கண்டு டென்ட்ரிடிக் செல் என்று பெயரிட்டார். தோலுக்குள் இது கிளைகளை விரித்துக்கொண்டு சுற்றுப்புறத்தைத் தொடர்ந்து உறிஞ்சிப் பார்த்தபடி இருக்கும். முள்ளோடு பாக்டீரியா வந்ததும் அதன் துண்டுகளை விழுங்குகிறது. டோல் ஏற்பிகள் ஆபத்தை உணர்ந்ததும் அதன் நடத்தையே மாறுகிறது. உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, நிணநீர்க் குழாய்க்குள் இறங்கி, சுமார் ஒரு நாளில் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்கிறது. விரலில் முள் என்றால் அக்குளுக்கு. பாக்டீரியாவின் புரதத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. கூடவே 'இது ஆபத்தானது' என்பதற்கான இரண்டாம் சமிக்ஞைப் புரதத்தையும் காட்டுகிறது. முதலாவது மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காத டி செல் செயலிழந்து போகும்.

ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்று முதல் பத்து லட்சத்தில் ஒன்று வரைதான் இருக்கும். உடல் முழுக்க அலைந்து அதைத் தேடுவது நடக்காத காரியம். நிணநீர்க் கணு இருப்பதே இந்தச் சந்திப்புக்காக. டி செல்கள் ஒரு கணுவில் ஒரு நாள் அளவில் தங்கி, டென்ட்ரிடிக் செல்களை உரசிப் பார்த்துவிட்டு, ரத்தம் வழியாக அடுத்த கணுவுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. சந்திப்பு நேர்ந்துவிட்டால் அந்த டி செல் நாளுக்கு இரண்டு மூன்று முறை இரட்டிக்கத் தொடங்கும். பி செல்களும் அதன் உதவியோடு பெருகும். அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறோமே, அது இந்தப் பெருக்கம்தான். கணுவுக்குள்ளே பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் சாதாரணத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் பிழைகளைப் புகுத்தி, இன்னும் இறுகப் பிடிக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. இத்தனைக்கும் நேரம் வேண்டும். புதிய கிருமிக்கு எதிராகக் கற்றறியும் எதிர்ப்பு முழு வீச்சில் வருவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆவது இதனால்தான். அதுவரை தாக்குப்பிடிப்பது நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும்.

வைரஸ் காய்ச்சல்கள் சிலவற்றில் இந்தக் கைமாற்றத்தை ஸ்லைடில் நேரடியாகவே பார்க்கலாம். ஒரு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில், அந்தச் சும்மா கிடந்த நீல உருண்டை இப்போது இரண்டு மூன்று மடங்கு பெருத்திருக்கும். உடல் பரந்து, ஓரங்களில் அடர்நீலமாகி, பக்கத்துச் சிவப்பணுக்களைத் தழுவிக்கொண்டு அவற்றின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து கிடக்கும். உட்கருவும் தளர்ந்து விரிந்திருக்கும். இவை விழித்துக்கொண்ட லிம்ஃபோசைட்டுகள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இவற்றைப் பார்த்துப் புற்று அணுக்களோ என்று பயப்படுவது உண்டு. ஒரே ஸ்லைடில் இவை பல அளவுகளில், பல வடிவங்களில் இருந்தால் கொஞ்சம் நிம்மதி அடையலாம் என்று சொல்லிக்கொடுப்பேன். கண்டிப்பாக மூத்தவர் ஒருவரும் பார்த்தாக வேண்டும்.

விழித்துக்கொண்ட லிம்ஃபோசைட்டுகள் தனியாக நோயை முடித்துவிடுவதில்லை, இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ஆன்டிபாடி சில நச்சுகளையும் வைரஸ்களையும் தானே முடக்கும், உண்மைதான். ஆனால் அதன் பெரிய வேலை ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டுவது. ஆன்டிபாடி படிந்த பாக்டீரியாவை நியூட்ரோஃபில் பல மடங்கு ஆர்வத்தோடு விழுங்கும், காம்ப்ளிமென்ட் புரதங்கள் அதன்மேல் வந்து குவியும், என்கே செல்லும் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொண்டு கொல்லும். இதற்குச் சான்று கேட்டால் ஓர் அரிய பரம்பரை நோயைச் சொல்வேன். அதில் ஆன்டிபாடிகள் நன்றாகவே இருக்கும், நியூட்ரோஃபிலால் விழுங்கவும் முடியும், உள்ளே நச்சு ஆக்ஸிஜனை மட்டும் தயாரிக்க முடியாது. அந்தக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும். மறுபக்கச் சான்று எச்ஐவி. அது அழிப்பது உதவி டி செல்களை. அவற்றின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே போகும்போது எய்ட்ஸ் என்கிறோம். அந்த நிலையில் காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ், அதைக் கொல்லும்படி டி செல்லிடமிருந்து வர வேண்டிய தூண்டுதல் இல்லாமல், கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டே இருக்கிறது.

கற்றதை நினைவில் வைப்பது பற்றிச் சொல்ல ஃபாரோ தீவுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1846இல் அந்த ஒதுங்கிய தீவுகளில் தட்டம்மை புகுந்தது. ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க்கிலிருந்து போன இளம் மருத்துவர் பீட்டர் பானும், 1781இல் வந்த முந்தைய தட்டம்மையில் விழுந்து பிழைத்த முதியவர்களை மட்டும் நோய் தொடவில்லை என்று பதிவுசெய்தார். நடுவில் 65 ஆண்டுகள் அங்கே தட்டம்மையே இல்லை, ஆனாலும் நினைவு அழியவில்லை. 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 1918 இன்ஃப்ளூயன்ஸாக் காலத்தைக் கடந்து வாழ்ந்த, 90 வயதைத் தாண்டிய முதியவர்களின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இன்னும் இருந்தன. அதே சமயம் தட்டம்மை வைரஸ் நினைவுச் செல்களையே தாக்குகிறது. 2019இல் வெளியான ஆய்வின்படி, தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகள், மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். தட்டம்மைதானே, வந்துவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காமல் போவதற்கு இந்த எண்கள்தான் காரணம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்ள என்ன வழி என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எதைக் கூட்டுவது? பிறவி எதிர்ப்பு கட்டுமீறிப் போய், கூடவே உறுப்புகளும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடுவது செப்சிஸ். 2017இல் உலகில் சுமார் 1.1 கோடி இறப்புகள் அதனோடு தொடர்புடையவை என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. கெடுதல் இல்லாத மகரந்தத்தை ஆபத்தென்று கற்றுக்கொண்ட பி செல் தயாரிக்கும் ஐஜிஇ ஆன்டிபாடி, மாஸ்ட் செல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை மகரந்தம் பட்டவுடன் அது வெடிக்கும், அதுதான் அலர்ஜி. தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராகக் கற்ற எதிர்ப்பு, உருவ ஒற்றுமையால் இதய வால்வைத் தாக்கினால் ருமாட்டிக் காய்ச்சல். ஆகவே உடல் அடக்கிவைப்பதற்கும் பெரிய ஏற்பாடு செய்திருக்கிறது. தைமஸைத் தப்பி வந்த தவறான டி செல்களை அடக்கும் கட்டுப்பாட்டு டி செல்களை 1995இல் ஷிமோன் சாகாகுச்சி இனங்கண்டார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அவற்றின் மூல மரபணுவைக் கண்டார்கள். 2025 நோபல் பரிசு மூவருக்கும். போதுமான தூக்கம், புகையை விடுவது, உரிய தடுப்பூசிகள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது என்பவை மட்டும்தான் அந்தக் கேள்விக்கு என்னால் மனசாட்சியோடு சொல்ல முடிந்த பதில்.

ஜேன்வேயின் கருத்து இன்று தடுப்பூசித் தயாரிப்பில் நேரடியாகப் பயன்படுகிறது. புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவை வெளியிலிருந்து செலுத்தினால் டோல் ஏற்பிகள் அதை வைரஸ் என்று எடுத்துக்கொண்டு பெரும் அழற்சியைக் கிளப்பின. அதன் எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அந்தக் கூச்சல் அடங்குகிறது என்று கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் காட்டினார்கள், 2023இல் நோபல் பெற்றார்கள். முழுக்க அடங்கிவிட்டாலும் தடுப்பூசி பலிக்காது. எம்ஆர்என்ஏவைப் பொதிந்திருக்கும் கொழுப்புத் துகள்கள் தேவையான அளவுக்கு ஆபத்து சமிக்ஞையைக் கொடுத்துவிடுகின்றன.

அக்கி நோய்க்கான புதிய தடுப்பூசியில் எதிர்த்திசையில் வேலை நடந்திருக்கிறது. சின்னம்மை வைரஸ் நரம்புகளில் பல காலம் ஒளிந்திருந்து, வயதானபின் டி செல்களின் பிடி தளரும்போது அக்கியாக வெளிவருகிறது. முன்பிருந்த தடுப்பூசியில் வலுக்குறைத்த உயிர்வைரஸ் இருந்தது. 70 வயதைத் தாண்டியவர்களிடம் அதன் பாதுகாப்பு 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. புதியதில் இருப்பது வைரஸின் ஒரே ஒரு புரதம், கூடவே டோல் ஏற்பியைத் தூண்டுவதற்கென்றே பாக்டீரியா உறையிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய ஒரு மூலக்கூறும் மரப்பட்டையிலிருந்து எடுத்த இன்னொரு பொருளும். பெரிய பரிசோதனைகளில் இது 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பைக் கொடுத்தது. ஊசி போட்ட கை ஓரிரு நாள் நன்றாகவே வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். 50 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.